எண்பதில் நின்ற முள்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை நான். தொண்டையும் கையும் இல்லாமல் அந்த வேலையில் ஒரு நாள் தள்ள முடியாது. என் கணவர் நேர் எதிர். கடற்கரையோரம் இருக்கும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அளவுக் கருவிகள் பிரிவில் இருக்கிறார். எந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறது, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்தி. சுவர்க் கடிகாரம் கொஞ்சம் பிந்தினால் போதும், சோற்றில் பிசைந்த கையோடு எழுந்து போய் அதன் அடியில் நிற்பார். யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசியதில்லை. அந்த மனுஷனைத் தெருவில் போட்டு அடித்தார்கள். ஒரு ஜீப்பின் வேகமுள்ளைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

ஜீப் பழையது. மதுராந்தகத்தில் ஒரு அரிசி மில்காரர் கழித்துக் கட்டியதை இவர் ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே முள் கூத்தாடிக்கொண்டிருந்தது. நிதானமாகப் போகும்போதே இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் துள்ளும். கூடவே டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கவில்லை. அவருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒரு கருவி தன் கண் எதிரே மாற்றி மாற்றிப் பேசுவதை அவரால் தாங்க முடியாது.

அந்தக் காலத்து வண்டிகளில் வேகமுள்ளுக்கு மின்சாரம் எல்லாம் கிடையாது. கியர் பெட்டியிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி ரப்பர் குழாய்க்குள் சுழன்றபடியே மீட்டர் வரைக்கும் வரும். கம்பி சுழலும் வேகத்துக்குத் தக்கபடி முள் ஏறும், இறங்கும். கம்பி காய்ந்துபோனால் திக்கித் திக்கிச் சுழலும், முள்ளும் திக்கும். இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை உருவி எடுத்துக் கிரீஸ் தடவினார்.

தடவினார் என்பது குறைவு. அப்பினார். கடலோரத்தில் நிலைய ஊழியர்களுக்காகக் கட்டிய எங்கள் டவுன்ஷிப்பில் வசிப்பவர்களைத் தவிர வேறு யாரும் அப்படி அப்ப மாட்டார்கள். எங்களுக்கு உப்புக் காற்று எதிரி. கேட்டின் கீல், ஜன்னல் கொக்கி, மோட்டார் போல்ட், துணி காயப்போடும் கம்பியின் ஆணி, எதை விட்டாலும் ஒரு மழைக்காலத்தில் துருவாகி உதிர்ந்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கிரீஸ் டப்பா இருக்கும். எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டும்போது வழிய வழியக் கிரீஸ் பூசித்தான் மாட்டுவோம். எவ்வளவு பூசினாலும் தகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. டெல்லியில் படித்து வந்த விஞ்ஞானி முதல் எங்கள் வீட்டு எதிரில் இருக்கும் வாட்ச்மேன் வரை அதில் வித்தியாசம் இல்லை. இவரும் கம்பியை அடியிலிருந்து நுனி வரை கிரீஸில் முக்கி எடுத்துக் குழாய்க்குள் விட்டார்.

முள் அடங்கியது. சத்தமும் நின்றது. "பார்த்தியா, எண்ணெயில வழுக்குற மாதிரி போகுது" என்றார். நான்கூடப் பாராட்டினேன் என்று நினைக்கிறேன். இல்லை, பாராட்டியிருக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கொஞ்ச நாள் போனதும் முள் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தது. ஆடவில்லை. ஆனால் ஏறியது. வண்டி மெதுவாகப் போகும், முள் மட்டும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். இவர் அதைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். முள் என்ன சொல்கிறதோ அதுதான் இவருக்கு வேதம்.

"அறுபது காட்டுதும்மா" என்பார்.

"மீன்கூடையோட சைக்கிள்ல போறவன் நம்மளை முந்திட்டுப் போறான். அறுபதாம் அறுபது."

"அப்படின்னா மீட்டர்ல ஏதோ கோளாறு இருக்கு. பார்க்கணும்."

"மொதல்ல ரோட்டைப் பாருங்க."

எங்களுக்குள் ஜீப்பில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். அன்றைக்கும் இதேதான் நடந்தது. திருவிடந்தை கோவிலில் என் தங்கை கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு, மாலையும் உடைத்த தேங்காய்களும் பையில் வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். வெயில் சாயும் நேரம். இவர் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்தின. நான் எரிச்சலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். குப்பத்திலிருந்து வரும் சந்து ஒன்றிலிருந்து ஒரு பைக் வெளியே வந்து, எதிர்த் திசையில், எங்கள் ஓரத்திலேயே நேராக எங்களை நோக்கி வந்தது.

நான் கத்தினேன். சத்தம் கேட்டது. பைக் பம்பருக்கு அடியில் போய்விட்டது. ஓட்டி வந்தவன் சாலையோர மணலில் விழுந்து கிடந்தான். அவன் கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

முதலில் வந்தவர்கள் நல்லவர்கள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். இளநீர்க் கடைக்காரர் ஓடி வந்தார். அடிபட்டவனின் அண்ணன், வலை பின்னிக்கொண்டிருந்தவன், அப்படியே போட்டுவிட்டு வந்தான். தம்பியை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன், இவரிடம் தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டினான். "ராங் சைடுல தான் வந்துகினு இருந்தான் சார், சொன்னா கேக்க மாட்டான்" என்றான். அதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அப்போது மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தன் ஜீப்புக்குள் தலையை விட்டான்.

"அண்ணாத்த, இங்க வந்து பாரு. எம்பதுல வந்துகீறான்."

வண்டி நின்று, இன்ஜின் அணைந்து, சாவி இவர் கையில் இருந்தது. முள் மட்டும் எண்பதில் அசையாமல் நின்றது.

மோதின கணத்தில் என்ன வேகமோ அதில் முள் சிக்கிக்கொண்டுவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அண்ணன்காரன் குனிந்து பார்த்தான். செல்போனை எடுத்து அதை வீடியோ பிடித்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. தண்ணீர் கொடுத்த அதே கையால் இவர் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். இவர் கண்ணாடி எங்கோ பறந்தது. கீழே விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, இன்னொருத்தன் வயிற்றில் குத்தினான். அப்புறம் யார் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. செருப்பு, கை, மரக்கட்டை. "ஊருக்குள்ள எம்பதுல வருவியா, இன்னா திமிரு" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு குரல். இவர் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, "அது தப்பு ரீடிங்குங்க, அது தப்பு ரீடிங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உயிர் போகிற நேரத்தில்கூட ரீடிங்.

கைப்பையில் விசில் இருந்தது. என் தொழில் விசில். அதை எடுத்து மூச்சு உள்ள மட்டும் ஊதினேன். ஒரு நொடி எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஒரு நொடியில் தேங்காய்ப் பையைச் சுழற்றி அந்த மஞ்சள் பனியன்காரன் மண்டையில் போட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அடுத்தவனுக்குத் தோளில் போட்டேன். பை கிழிந்து தேங்காய் மூடிகள் தார் சாலையில் உருண்டன. என் முடியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள், ஒரு பெண்தான், நான் அவள் கையைக் கடித்தேன். கடித்ததற்கு இன்று வரை வருத்தமில்லை. இவர் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன். என் முதுகில் விழுந்தது எத்தனை என்று எனக்குத் தெரியாது. ரோந்து ஜீப் வந்த பிறகுதான் விட்டார்கள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இவருக்கு விலா எலும்பில் விரிசல் என்றார்கள். அது கூடிவிடும். இடது காதில் சவ்வு கிழிந்து, உள்ளேயும் அடி. "கேட்டாலும் கேக்கலாம், கேக்காமலும் போகலாம், பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். அதே ஆஸ்பத்திரியில், வேறு வார்டில், அடிபட்ட பையன் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தான். அவன் அம்மா எங்கள் வார்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றுவது மாதிரி கையை வீசிச் சாபம் விட்டுவிட்டுப் போனாள். நான் எழுந்தேன். இவர் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. விஷயத்தை உடைத்துச் சொன்னார். அந்த வீடியோ எல்லார் போனிலும் போய்விட்டது. குடியிருப்புப் பகுதியில் எண்பதில் வந்து ஒருத்தன் காலை உடைத்ததாகக் கேஸ் எழுதினால், சர்க்கார் வேலையில் இருப்பவர் என்பதால் உடனே சஸ்பென்ஷன். அதுவும் இவர் வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் வாசல் கதவுகூடத் திறக்காது. பதினெட்டு வருஷ வேலை.

"மீட்டர் ரிப்பேர்னு சொல்றீங்க இல்ல? திங்கக்கெழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வருவாரு" என்றார். அடிபட்ட வண்டிகளைப் பரிசோதிக்க வரும் போக்குவரத்துத் துறை அதிகாரியைத்தான் எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். "அவரு ஓட்டிப் பாத்து, மீட்டர் கோளாறுன்னு எழுதிட்டாருன்னா வீடியோவுக்கு மதிப்பில்ல. இங்க நிறுத்த எடமில்ல, வண்டிய எடுத்துட்டுப் போயி, அன்னிக்குக் கொண்டாங்க."

எனக்கு உயிர் வந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. வண்டியை உருட்டினாலே எண்பதுக்கு மேல் ஏறியது. ஒரு குழந்தை பார்த்தாலும் கோளாறு என்று சொல்லிவிடும். திங்கட்கிழமை வரைக்கும் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஞாயிறு மாலை, பள்ளிகளுக்கு இடையிலான கபடிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்த நான் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. நான் ரசம் ஊற்றும் கிண்ணத்தில் பெட்ரோல். காது குடையும் பஞ்சுக் குச்சிகள் கருப்புக் கருப்பாய்க் குவிந்திருந்தன. பக்கத்தில் தையல் மெஷின் எண்ணெய். இவர் ஒரு காதில் கட்டும், முகத்தில் பல்லெல்லாம் தெரியும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். அடிவாங்கியதிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். "கம்பி முறுக்குக் கம்பி இல்லையா? சுத்தச் சுத்த, நான் தடவின கிரீஸை மேலே மேலே ஏத்திக்கிட்டே போயிருக்கு. மீட்டர் உள்ளே ஒரு காந்தம் சுத்தும். அதுக்கு மேலே ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. காந்த விசையில மட்டும்தான் கிண்ணம் லேசாத் திரும்பணும், அதுலதான் முள் இருக்கு. நடுவுல கிரீஸ் போய் ரெண்டையும் ஒட்டிடுச்சு. காந்தம் போற போக்குல கிண்ணத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கம்பிக்கு மேல் பாதியில கிரீஸே போடக்கூடாது, கீழே மட்டும் துளி போட்டாப் போதும். நான் போட்டதுதான் தப்பு."

"இப்ப எங்க அந்த மீட்டர்?"

"மாட்டிட்டேன். சுத்தமாக் கழுவி, முள் பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. கிலோமீட்டர் கல்லை வச்சு நேரம் பார்த்து ஓட்டியும் பார்த்தேன். துல்லியமாக் காட்டுது."

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கு அந்த ஆள் வந்து ஓட்டிப் பார்க்கும்போது என்ன காட்டும்?"

"சரியாக் காட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோவதை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரு மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, இவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. அதற்கு மேல் அவர் மூளை போகாது. வருஷக்கணக்காக அது ஒன்றையே செய்து செய்து கை தானாகப் போயிருக்கிறது.

"போட்டோ எடுத்தீங்களா? கழுவறதுக்கு முன்னாடி?"

"இல்லை."

பெட்ரோல் கிண்ணம் சுவரில் போய் மோதியது. எறிந்தது நான்தான். மேஜையைப் புரட்டினேன். பஞ்சுக் குச்சிகள் தரையெங்கும் சிதறின. "நீங்க எல்லாம் மனுஷன்தானா? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அன்னிக்கு அவனுங்க குடுத்தது பத்தாதா?" அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் நிறுத்தவில்லை. அலமாரியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து அவர் மார்பில் வைத்து அழுத்தினேன்.

"போய் மறுபடியும் பூசுங்க. எப்படி இருந்துச்சோ அப்படிப் பண்ணுங்க."

"அது முடியாது."

"ஏன் முடியாது? இருந்ததைத்தானே செய்யச் சொல்றேன்? பொய்யா அது?"

"இப்ப செஞ்சா அது நான் செஞ்ச கோளாறு. நல்லா இருக்கிற மீட்டரைக் கெடுத்துட்டு, பாருங்க கெட்டிருக்குன்னு என்னால காட்ட முடியாது." இடத்தை விட்டு நகரவில்லை. "என்னால முடியாதும்மா."

நானே பூசுகிறேன் என்று ஜீப் சாவிக்குப் பாய்ந்தேன். அவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். விரலைப் பிரிக்கப் பார்த்தேன், நகத்தால் கீறினேன், மணிக்கட்டில் அடித்தேன். விலா எலும்பில் விரிசல் விட்ட மனுஷன், வலியில் முகம் கோணிக்கொண்டு நின்றாரே ஒழிய விடவில்லை. கிரீஸ் டப்பாவைச் சுவரில் அடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இவர் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கிரீஸ், காந்தம், கிண்ணம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நான் பாக்கறப்போ மீட்டர் சரியா இருக்கு. நான் அதத்தானே எழுத முடியும்?" என்றார். "கரெக்ட்" என்றார் இவர். கரெக்ட்டாம். நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அடிபட்ட பையன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வண்டி வேகமாக வரவில்லை, நான்தான் எதிர்த் திசையில் வந்தேன் என்று. அவன் சொல்வதைக் குப்பத்துப் பஞ்சாயத்துதான் முடிவு செய்யும். கடலோரக் குப்பங்களில் ஊர் கூடிச் சொல்வதற்கு மேல் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். இன்ஸ்பெக்டரே சொல்லி அனுப்பினார், போய்ப் பேசிப் பாருங்கள் என்று.

அம்மன் கோவிலுக்கு முன்னால் கொட்டகை. ஆண்கள் எல்லாம் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே. நான் தூணை ஒட்டி நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை. மஞ்சள் பனியன்காரன் நெற்றியில் தையலோடு என்னையே முறைத்தான். நானும் முறைத்தேன். அடிபட்டவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளை முகம். பக்கத்தில் அவன் அண்ணன்.

பஞ்சாயத்துப் பெரியவர் அதிகம் பேசவில்லை. அம்மன் முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

"சார், நீ படிச்சவரு. மிஷினு கோளாறுன்றே. ரிப்போட்டுல நல்லா கீதுன்னு எய்திக்கீது. எங்களுக்கு அந்தக் கணக்குலாம் வாணாம். அன்னிக்கு நாப்பதுக்கு மேல வரலன்னு இந்தக் கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணு. பையன் நாங்க சொல்றதச் சொல்லுவான். முடிஞ்சிது."

அவ்வளவுதான். கையை ஒரு தட்டு தட்டினால் வேலை பிழைத்தது. இவர் கற்பூரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வேகம் தெரியாதுங்க" என்றார்.

கூட்டம் சலசலத்தது. "இன்னா சொல்றான்?" என்றது ஒரு குரல். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பதுகூடப் போயிருக்காது, எனக்குத் தெரியும். ஓடுகிற பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தே வேகம் சொல்கிறவள் நான். தூணை விட்டு இரண்டே எட்டில் தட்டுக்கு முன்னால் போய், "நான் பண்றேன் சத்தியம்" என்று கையை ஓங்கினேன்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. எலும்பு வலித்தது.

"இவ முள்ளைப் பார்க்கலைங்க. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தா. இவ சத்தியம் சரிவராது" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அடிபட்டவனிடம் திரும்பினார். "தம்பி, மீட்டர் கெட்டுப்போயிருந்துச்சு. அதனால எவ்வளவு வேகம்னு என்னால சொல்ல முடியாது. மெதுவாத்தான் வந்தேன்னு நினைக்கிறேன், ஆனா அளவு இல்லாம சத்தியம் பண்ண முடியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நீ வர்றதை நான் பார்க்கலை. அந்த முள் ஏறுதேன்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். ரோட்டைப் பார்க்கலை. அதுக்குச் சத்தியம் பண்ணணும்னா பண்றேன்."

தீர்ந்தது, இந்த மனுஷன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

அடிபட்ட பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். யாரையும் பார்க்காமல், காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நானும் பாக்கல சார். போனு பாத்துகினே வந்தேன்."

"டேய்" என்றான் அண்ணன்.

"இன்னா டேய்? அந்த ஆளு தன் வாயாலயே ஒத்துக்கறாரு. நான் மட்டும் பொய் சொல்லிகினு ஒக்காந்திருக்கவா? அவுரு மெதுவாத்தான் வந்தாரு. நான்தான் போயி வுட்டேன்."

பெரியவர் அண்ணன்காரனைப் பார்த்தார். "இன்னா நைனா, அந்த மனுஷன் காதக் கிழிச்சி வுட்டியே, இப்ப இன்னா சொல்றே?" என்றார். அவன் எழுந்தான். ஆறடி இருப்பான். இவர் எதிரே வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"தப்புதான் சார். எம்பதுன்னு பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சி. நீ திருப்பி அடிச்சிரு. நான் நிக்கறேன்."

அந்தக் குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம். ஊர் முன்னால் அடி வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்ததாக அர்த்தம், அப்புறம் இரண்டு பக்கமும் பகை வைக்கக் கூடாது. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் "வேண்டாம்பா, வேண்டாம்பா" என்று பின்னால் நகர்ந்தார். அவன் அசையவில்லை. "அடிச்சாத்தான் சார் தீரும்" என்றான்.

நான் அடித்தேன். என்னிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அவன் கன்னத்தில் வைத்தேன். அந்தச் சத்தத்தில் வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி "அம்மாடி" என்றாள். அவன் தலை திரும்பியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கை பின்னாலேயே இருந்தது. என் உள்ளங்கை தீப்பட்டதுபோல எரிந்தது. தீர்ந்ததா என்று கேட்டால் தீரவில்லை. இன்னொன்று வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது. பெரியவர் "போதும்மா, போ" என்றார்.

பையன் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். வேலைக்கு ஒன்றும் வரவில்லை. இவர் காதைப் பற்றி அப்புறம் போனபோது டாக்டர் கையை விரித்தார். வலது காது இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

பஞ்சாயத்து முடிந்து அன்று மாலை ஜீப்பில் திரும்பினோம். முள் நாற்பதில், ஆணி அடித்த மாதிரி நின்றது. இவர் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தார். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை, மணிக்கட்டில் நான் கீறிய தழும்பு. அந்தக் கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவில் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்பது மாமல்லபுரம் தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை வருஷமாக எதற்கெடுத்தாலும் திட்டித் தீர்த்த அந்தக் குணம்தான் அவரை இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லைங்க" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவர் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, இன்னும் என்மேல் வருத்தமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஜீப்பில் நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

திட்டுவது என்றால் கத்திவிடுவேன். இதை எப்படிக் கத்திச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீடு வந்து சேரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.